மலைநாடு தந்த மறைத்திரு நிக்கல்ஸ் ராய்

பெரியதோர் இனத்தின் நடுவே வாழும் சிறிய இனத்திற்கு இரண்டு அச்சங்கள் உண்டு. கலந்து வாழ்ந்தால் நம் மொழியும் வழக்கமும் கரைந்துபோய்விடுமோ என்பது ஒன்று. ஒதுங்கி வாழ்ந்தால் சாலையும் பள்ளியும் சந்தையும் இன்றித் தேய்ந்துபோய்விடுவோமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே வழி ஒன்று உண்டு என்று நம்பி, அவ்வழியை ஏட்டளவில் விடாமல், இந்திய அரசியலமைப்பிலேயே பொறிக்கச் செய்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் பிறப்பால் மலைவாணர். தொழிலால் கிறித்தவப் போதகர். காலத்தின் கட்டாயத்தால் அரசியலாளர். மறைத்திரு ஜேம்ஸ் ஜாய் மோகன் நிக்கல்ஸ் ராய் என்பது அவர்தம் முழுப் பெயர். வடகிழக்கு இந்தியாவில் இன்றும் போற்றப்படும் அப்பெயர் தமிழ் மக்களிடையே அதிகம் அறியப்படவில்லை.

பிறந்த மண்

காசி மலை என்றவுடன் கங்கைக் கரையிலுள்ள காசியை எண்ண வேண்டா. இன்றைய மேகாலய மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள மலைத்தொடரே காசி மலை; அங்கு வாழும் மக்கள் காசி மக்கள் எனப்படுவர். அம்மலையின் தென் சரிவில், வங்கச் சமவெளியை நோக்கியவாறு ஷெல்லா என்னும் ஊர் உள்ளது. ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் செராபுஞ்சி அதற்கு அண்மையிலேயே இருக்கின்றது. அவ்வூரில் 1884ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜாய் மோகன் ராய் பிறந்தார்.

ஷெல்லா மக்கள் ஆரஞ்சும் பாக்கும் வெற்றிலையும் விளைவித்தனர். சுண்ணாம்புக் கல் வெட்டினர். இவற்றை யெல்லாம் கீழே சமவெளியிலுள்ள சில்ஹெட் சந்தைகளுக்கு அனுப்பி, அங்கிருந்து அரிசியும் பிறவும் பெற்று வந்தனர். மலையும் சமவெளியும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்த இடம் அது. ஆதலின் சமவெளியாரைப் பகைத்து மலையார் வாழ முடியாது என்பதை ஜாய் மோகன் தம் பிள்ளைப் பருவத்திலேயே கண்கூடாகக் கண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை.

காசி மக்களின் வழக்கங்களும் ஈண்டுச் சொல்லத்தக்கவை. அவர்களிடையே குலம் தாய்வழியே எண்ணப்படுகின்றது. குடும்பத்தின் மூதாதைச் சொத்து கடைக்குட்டி மகளுக்கே உரியது. சாதிப் பிரிவு அவர்களிடம் இல்லை. ஊர்க் காரியங்களை ஊரார் கூடிய அவையே முடிவு செய்யும். ஷெல்லாவில் மன்னரே இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களே ஆட்சி நடத்தி வந்தனர். மக்களாட்சி என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த பாடம் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

நிலம் நடுங்கிய நாள்

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஜாய் மோகனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த அன்றே, அசாம் முழுவதையும் குலுக்கிய பெருநிலநடுக்கம் நேர்ந்தது. ஷில்லாங் நகரில் கல்லால் ஆன கட்டடங்கள் தரைமட்டமாயின. காசி மலையின் தென் சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். மலையடிவாரத்தில் தேரியாகாட் என்னும் இடத்திலிருந்து கம்பெனிகஞ்சு வரையில் 1886ஆம் ஆண்டில் இடப்பட்டிருந்த சிறிய இருப்புப்பாதையும் அந்நடுக்கத்தில் சிதைந்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் நடத்துவார் இல்லை. புகைவண்டி வழியாகச் சரக்கு ஏற்றும் வாய்ப்பு அம்மலைமக்களுக்கு அத்துடன் போயிற்று. பிற்காலத்தில் மேகாலய மாநிலத்திற்கு ஒரு புகைவண்டி நிலையம் கிடைப்பதற்கு 2014ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய பேரழிவின் நடுவே வளர்ந்த சிறுவன் சமயத்தின்பால் ஈடுபட்டதில் வியப்பில்லை. 1841இல் செராபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் போதகர் காசி மொழிக்கு உரோமன் எழுத்தில் எழுத்து வடிவம் அமைத்துத் தந்திருந்தார். அந்த வேல்ஸ் நாட்டுத் திருச்சபையினர் நடத்திய பள்ளிகளே அம்மலையில் கல்வியைப் பரப்பின. அக்கல்வியைப் பெற்ற ஜாய் மோகன், கல்கத்தா சென்று உயர்கல்வியும் பயின்று, தம் மலைக்கே திரும்பினார்.

போதகராகிய காலம்

திரும்பியவர் அயல்நாட்டார் அமைத்த சபையிலேயே அடங்கி யிருக்கவில்லை. சபைப் பிரிவுகளும் வேற்றுமைகளும் மேனாட்டிலிருந்து வந்தவை. அவற்றைக் காசி மக்கள் சுமக்க வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. ஒத்த கருத்துடைய நண்பர்களுடன் கூடி, காசி மக்களே நடத்தும் தனித் திருச்சபை யொன்று உருவாகப் பெரிதும் உழைத்தார். அஃது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஆண்டர்சன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இறைச் சபையினருடன் நட்புறவு கொண்டது. அத்தொடர்பால் முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கு ஈவலின் நிக்கல்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். மணம் புரிந்தபின் மனைவியின் குடிப்பெயரையும் தம் பெயருடன் இணைத்து, நிக்கல்ஸ் ராய் ஆனார். பெண்வழிக் குலம் எண்ணும் நாட்டிற் பிறந்தவர்க்கு அஃது இழிவாகத் தோன்றவில்லை போலும்! அவ்வம்மையாரும் கடல் கடந்து காசி மலைக்கு வந்து, கணவரின் தொண்டில் தோள் கொடுத்தார்.

நிக்கல்ஸ் ராய் வேதம் ஓதுவதோடு நின்றவர் அல்லர். மலையில் விளையும் கனிகள் உரிய காலத்தில் சந்தையை அடையாமல் அழுகிப் போவதையும், இடைத்தரகர் வைத்ததே விலையாக இருப்பதையும் கண்டார். கனிகளைப் பதப்படுத்தி விற்கும் தொழிலில் முயன்று, உழவர்க்கு நல்ல விலை கிடைக்கச் செய்ய முனைந்தார். வறியவனிடம் வானுலகைப் பற்றிப் பேசுமுன் அவன் ஆரஞ்சுக் கூடைக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்பதை அவர் செயல் உணர்த்திற்று. இவ்வெண்ணமே அவரை அரசியலுக்கு இட்டுச் சென்றது எனலாம். சாலை போடுவதும், வரி விதிப்பதும், பள்ளி திறப்பதும் சட்டமன்றத்தில் அல்லவோ முடிவாகின்றன?

சட்டமன்றம் புகுதல்

சமயப் பணியினின்று அரசியலுக்குச் சென்றவர் உலகில் வேறு பலரும் உளர். அமெரிக்காவில் ஹைரம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினப் போதகர், அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1870ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் அந்நாட்டு மேலவையில் அமர்ந்தார். அம்மேலவையில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஒடுங்கிக் கிடந்த மக்களிடையே எழுதப் படிக்கவும், நால்வர் முன் நின்று பேசவும் வல்லவராக இருந்தவர் பெரும்பாலும் போதகரே. ஆகவே அம்மக்கள் தமக்காகப் பேச ஆள் தேடியபோது அவர்பாற் சென்றது இயல்பு. காசி மலையிலும் அதுவே நிகழ்ந்தது.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி ஏற்பட்டபின், நிக்கல்ஸ் ராய் 1921இல் அசாம் சட்டமன்றம் புகுந்தார். அவ்விரட்டையாட்சிக் காலத்திலேயே அமைச்சராகவும் ஆனார். 1937இல் மாகாணத் தன்னாட்சி வந்தபோது சாதுல்லா அமைச்சரவையிலும், 1946இல் கோபிநாத் போர்டோலோய் தலைமையில் அமைந்த காங்கிரசு அமைச்சரவையிலும் இடம்பெற்றார். மலைவாணர் ஒருவர் அமைச்சராவது அந்நாளில் புதுமை. ஏனெனில் மலைப்பகுதிகளை ஆங்கிலேயர் பின்தங்கிய நிலங்கள் என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்திருந்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை முழுதும் விலக்கப்பட்ட பகுதி, ஓரளவு விலக்கப்பட்ட பகுதி என இரு கூறாக்கிற்று. நாகர் மலையும் லுஷாய் மலையும் முதல் வகை. காசி மலையின் ஆங்கிலேயர் பகுதி இரண்டாம் வகை. இவை தவிர இருபத்தைந்து காசிச் சிற்றரசுகளும் இருந்தன.

மூன்று வழிகள்

ஆங்கிலேயர் வெளியேறும் காலம் நெருங்கியபோது மலைமக்களின் முன் மூன்று வழிகள் தோன்றின. அசாமின் மலைகளையும் பர்மாவின் மலைகளையும் சேர்த்து, ஆங்கில மன்னரின் நேர் ஆட்சியில் தனி நாடாக வைத்துக் கொள்ளலாம் என்று ஆங்கில அதிகாரிகள் சிலர் திட்டம் தீட்டினர். இது முதல் வழி. தனி வேற்றுமை யாதும் பாராட்டாமல் மலைகளை அசாமுடன் முழுதும் கலந்துவிட வேண்டும் என்று சமவெளித் தலைவர்கள் பலர் கருதினர். இஃது இரண்டாம் வழி. நிக்கல்ஸ் ராய் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. இந்தியாவுக்குள், அசாமுக்குள்ளேயே இருந்துகொண்டு, தம் நிலம், காடு, வழக்கம், பள்ளி ஆகியவற்றைத் தாமே ஆளும் உரிமை மலைமக்களுக்கு வேண்டும் என்றார். இதுவே மூன்றாம் வழி. காசி, ஜயந்தியா மலைகளுக்கு ஏற்ற தன்னாட்சித் திட்டத்தை வகுத்து, அதற்கு ஆதரவு திரட்ட ஓர் அமைப்பையும் தோற்றுவித்தார்.

இதற்கிடையே 1947 ஜூலையில் சில்ஹெட் மாவட்டத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்து, அதன் பெரும்பகுதி பாகிஸ்தானுடன் சேர்ந்தது. நாட்டின் எல்லைக்கோடு ஷெல்லாவின் அடிவாரத்திலேயே விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சும் பாக்கும் சென்ற சந்தை ஒரே நாளில் அயல்நாடாயிற்று. வாணிகம் முடங்க, தென் சரிவின் ஊர்கள் வறுமையுற்றன. தம் பிறந்த ஊருக்கே இக்கதி நேர்ந்ததைக் கண்டவர், எல்லைகளை அவசரப்பட்டு வகுத்தல் எத்துணைக் கொடிது என்பதை உணராதிருக்க இயலாது. பிரிவினையை நாடாமல் உடன்பாட்டையே அவர் நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆறாம் அட்டவணை

அரசியலமைப்பு மன்றத்தின் உறுப்பினராகவும் நிக்கல்ஸ் ராய் இருந்தார். அசாம் மலைப்பகுதிகளின் எதிர்காலத்தை ஆராய 1947இல் போர்டோலோய் தலைமையில் ஒரு துணைக்குழு அமைந்தது. தக்கர் பாபா, ரூப்நாத் பிரம்மா முதலியோருடன் நிக்கல்ஸ் ராயும் அதில் இடம்பெற்றார். குழுவினர் மலை மாவட்டங்களுக்கு நேரிற் சென்று ஆங்காங்கு மக்களின் கருத்தைக் கேட்டனர். மலைமக்களைக் காட்சிப் பொருளாக ஒதுக்கி வைத்தலும் ஆகாது, வலிந்து கரைத்தலும் ஆகாது என்னும் முடிவுக்கு வந்தனர். அவர்தம் பரிந்துரையே அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணைக்கு அடிப்படை.

1949 செப்டம்பர் 5 முதல் 7 வரை அவ்வட்டவணை மன்றத்தில் விவாதத்திற்கு வந்தது. குலாதர் சாலிகா, ரோகிணி குமார் சௌதுரி முதலிய அசாம் உறுப்பினர்களே அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இது பிரிவினைக்கு விதை விதைக்கும் என்பது அவர்தம் வாதம். எல்லைப்புறத்தில் நாட்டின் பாதுகாப்பு என்னாகும் என்றும் வினவினர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதென்று தள்ளிவிடுதற்கில்லை. நாடு துண்டாடப்பட்ட புண் அப்பொழுது ஆறாதிருந்தது. நிக்கல்ஸ் ராய் சினம் கொள்ளாமல் விடையிறுத்தார். மலைமக்களிடையே சாதி ஏற்றத்தாழ்வு இல்லை, பெண்களுக்கு மதிப்பு உண்டு, ஊரவை ஆட்சி உண்டு. இவற்றைக் கீழ்நிலை நாகரிகம் என்று கருதி அழிக்க முற்படுவது தகாது என்று எடுத்துக் காட்டினார். ஒன்றுபடுதல் நல்லெண்ணத்தால் வரவேண்டுமேயன்றி வலிமையால் வரலாகாது என்பதே அவர் பேச்சின் சாரம். டாக்டர் அம்பேத்காரும் அட்டவணைக்கு அரணாக நின்றார். அட்டவணை நிறைவேறிற்று.

அதன்படி ஐக்கிய காசி ஜயந்தியா மலை, காரோ மலை, லுஷாய் மலை, நாகர் மலை, வடகச்சார் மலை, மிகிர் மலை என ஆறு தன்னாட்சி மாவட்டங்கள் குறிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாவட்ட மன்றம். நிலப் பங்கீடு, அரசு ஒதுக்கிய காடுகள் நீங்கலான ஏனைய காடுகள், காட்டெரிப்பு வேளாண்மை, ஊராட்சி, திருமணம், சொத்துரிமை ஆகியவற்றில் சட்டம் இயற்றும் அதிகாரம் அம்மன்றத்திற்கு உண்டு. ஊர் வழக்குகளைத் தீர்க்க ஊர் நீதிமன்றங்கள் அமைக்கலாம். இப்பொருள்களில் மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டம், மாவட்ட மன்றம் ஏற்று அறிவித்தாலன்றி அங்குச் செல்லாது. இவை யாவற்றினும் நம் போன்றோர் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தொடக்கப் பள்ளியில் எம்மொழியில், எம்முறையில் கற்பிக்க வேண்டும் என்பதையும் அம்மன்றமே முடிவு செய்யலாம். குழந்தையின் முதற்பாடம் தாய்மொழியில் அமைய வேண்டும் என்னும் கொள்கைக்கு இவ்வாறு சட்டத்தின் காவல் கிடைத்தது.

இருபுறத்துப் பழி

நடுநின்றார்க்கு இருபுறத்தும் பழி வரும். நாகர் மலையினர் இவ்வேற்பாட்டையே புறக்கணித்தனர். காசிச் சிற்றரசர்களுக்கும் மனக்குறை மிகுந்திருந்தது. இந்தியாவுடன் இணையும் போது தாம் எதிர்பார்த்த தகுதி கிடைக்கவில்லை என்றும், வழிவழியாக வந்த தலைவர்களை நியமிக்கும் அதிகாரமும் புதிய மன்றத்தின் கைக்குப் போய்விட்டது என்றும் அவர்கள் வருந்தினர். சமவெளியாரோ, நிக்கல்ஸ் ராய் மிகுதியாகப் பெற்றுவிட்டார் என்றனர். மலையாரில் ஒரு சாரார், அவர் மிகக் குறைவாகப் பெற்று வந்தார் என்றனர். இரு சாராரின் சொல்லுக்கும் அவர் தம் நிலையினின்று பெயரவில்லை. 1952ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலில் செராபுஞ்சித் தொகுதியிலிருந்து அசாம் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே காசி ஜயந்தியா மாவட்ட மன்றமும் பணி தொடங்கிற்று. 1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், தமது எழுபத்தைந்தாம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த மறு ஆண்டே அவர் நம்பிய நல்லெண்ணத்திற்குப் பெருஞ்சோதனை வந்தது. 1960இல் அசாமியமே மாநிலத்தின் ஆட்சிமொழி என்று அசாம் அரசு சட்டம் செய்தது. மலைமக்கள் கொதித்தெழுந்தனர். அனைத்துக் கட்சி மலைத் தலைவர் மாநாடு என்னும் அமைப்பு ஷில்லாங்கில் தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர்களுள் நிக்கல்ஸ் ராயின் மைந்தர் ஸ்டான்லி நிக்கல்ஸ் ராயும் ஒருவர். தந்தை அசாமுக்குள் தன்னாட்சி கேட்டார். மைந்தர் அசாமினின்று விடுதலை கேட்டார். இடையே நிகழ்ந்தது மொழித் திணிப்பு ஒன்றே. 1970 ஏப்ரல் 2இல் அசாமுக்குள் தன்னாட்சி மாநிலமாகவும், 1972 ஜனவரி 21இல் முழு மாநிலமாகவும் மேகாலயம் மலர்ந்தது. போராட்டம் பெரும்பாலும் அறவழியிலேயே நடந்தது என்பது அம்மக்களுக்கும், அவர்களைப் பழக்கிய முன்னோர்க்கும் பெருமை. மாவட்ட மன்றங்களால் பிரிவினை வரும் என்று அஞ்சியவர்கள், மொழிச் சட்டத்தால் அது வரும் என்று அஞ்சவில்லை! ஆறாம் அட்டவணை இன்றும் உயிருடன் இருக்கின்றது. அசாம், மேகாலயம், மிசோரம், திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் பத்து மன்றங்கள் அதன்கீழ் இயங்குகின்றன.

நமக்கு உரிய பாடம்

நிக்கல்ஸ் ராய் மறைந்த நவம்பர் முதல் நாள் நமக்கும் மறவாத நாள். 1956இல் அந்நாளில்தான் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. அதனோடு நம் கோபிநத்தமும் வந்தது. பிழைப்பு நாடி இம்மாநிலத்திற்கு வந்து சேர்ந்த தமிழரும் உண்டு. இருந்த இடத்தில் இருந்தே அயல் மாநிலத்தார் ஆன தமிழரும் உண்டு. இரு சாரார்க்கும் கன்னட மக்களே அண்டை அயலார். அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு கூடி வாழ்வது நம் கடமை. நம் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அதே அளவு கடமை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதையே அப்போதகரின் வாழ்வு காட்டுகின்றது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு கூறுகின்றது. சட்டத்தில் இருப்பது வேறு. ஊர்ப் பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் இருப்பது வேறு. கேட்பாரும் பயன்படுத்துவாரும் இல்லாத உரிமை ஏட்டில் உறங்கும்.

உரிமையை வேண்டும்போது சினமின்றி வேண்டிய அப்போதகர், பெற்ற உரிமை மக்களுக்குப் பயன்பட மன்றம் அமைவதையும் தம் கண்ணால் கண்டார். மாற்றார் பழித்த போதும் பேச்சை நிறுத்தாமல், அவர்களோடு ஒரே அவையில் அமர்ந்தே விடை கூறினார். அவர் பிறந்த ஷெல்லா இருப்பது நாட்டின் வடகிழக்கு எல்லையில். நம் ஊர் இருப்பதோ இரு மாநிலங்களின் எல்லையில். எல்லையில் வாழ்வோர்க்கு இருபுறத்தையும் அறியும் வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பை நல்லவண்ணம் பயன்படுத்தி, நம் சங்கம் தமிழ் வகுப்பையும் அண்டை மக்களின் நட்பையும் ஒருங்கே வளர்க்குமாக.